கண்ணாடி அலமாரியில் ஒரு காது மெஷின்

நடந்தது இவ்வளவுதான்:

1. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையின் நடுவில், என் அம்மாவின் வலது காதிலிருந்த மெஷினைப் பாஸ்டர் கழற்றினார்.

2. அவளுடைய இடது காதைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டு, வலது காதுப் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். என்ன கேட்டது என்று எல்லோர் முன்னிலும் கேட்டார்.

3. அம்மா, “அல்லேலூயா” என்றாள்.

4. அவர் சொன்னதும் அதுதான். சபை எழுந்து நின்று கைதட்டியது.

5. மெஷின், வாசலருகே இருக்கும் கண்ணாடி அலமாரிக்குள் போனது. அலமாரி பூட்டப்பட்டது.

6. அன்றிலிருந்து அம்மா மெஷின் போடவில்லை.

7. அம்மாவுக்குக் காது கேட்கவில்லை.

ஏழாவது விஷயம் அப்போது அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரிந்திருந்தது. முதல் ஐந்தும் சபையின் சேனலில் வீடியோவாக இருக்கின்றன. அந்த வீடியோவின் ஒலியைச் சரி செய்தவள் நான் என்பதால், ஒவ்வொரு நொடியும் எனக்குத் தெரியும்.

எங்கள் சபை நீலசந்திராவில் ஒரு கோழிக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. படி ஏறும்போது ஈர இறகு வாசனை. கதவைத் திறந்தால் ரூம் ஸ்பிரே வாசனை. வருகிறவர்களில் பாதிப் பேர் சுரங்க ஊரான தங்கவயலை விட்டு இங்கே வந்து தங்கிவிட்டவர்கள். நாங்களும் அப்படித்தான். அப்பா இல்லை, அம்மாவும் நானும் மட்டும். நான் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டர். “வேலை செய்கிறது” என்று ஒருவர் சொல்வதை நம்பாமல் இருப்பதுதான் என் வேலை, அதற்குச் சம்பளமும் தருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பளமே இல்லாமல் சபையின் சவுண்ட் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். இன்ஜினியரிங் படித்த பெண் என்றால் மைக், ஸ்பீக்கர், கேமரா எல்லாம் தெரியும் என்பது சபையின் கணக்கு.

அந்த அலமாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்குச் சாட்சி அலமாரி என்று பெயர். சுகம் பெற்றவர்கள் தங்களுக்கு இனித் தேவைப்படாத பொருளை அதில் வைத்துவிட்டுப் போவது எங்கள் சபையின் வழக்கம். அதில் இருந்தவை:

– இரண்டு ஊன்றுகோல்கள், ஜோடி அல்ல.
– ஒரு இடுப்பு பெல்ட்.
– ஒரு ஆஸ்துமா பம்ப், காலி.
– நாலைந்து மூக்குக் கண்ணாடிகள்.

அந்தக் கண்ணாடிகளில் ஒன்றின் சொந்தக்காரர் எனக்குத் தெரிந்தவர். வேறொன்று வாங்கி ஆபீசில் மட்டும் போட்டுக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் அவருக்குத் தெரியாது. பாட்டெல்லாம் மனப்பாடம் என்பதால் யாருக்கும் தெரியாது.

பக்கத்திலுள்ள கத்தோலிக்கர்கள் கோவிலில் மெழுகால் செய்த கை, கால், காது வாங்கி வைப்பார்கள். எங்கள் பாஸ்டருக்கு அதைக் கிண்டல் செய்யாமல் பிரசங்கம் முடியாது. “மெழுகுக் காது கேக்குமா சபையே?” என்பார், சபை சிரிக்கும். மெழுகுக் காது வைத்தவர் தன் சொந்தக் காதோடு வீட்டுக்குப் போகிறார், மெஷின் இருந்தால் மெஷினோடும் போகிறார். அசலையே பிடுங்கி உள்ளே வைத்துப் பூட்டுவது எங்கள் சபையில்தான். இதில் யார் விக்கிரக ஆராதனைக்காரர் என்று அந்தக் கூடத்தில் யாரும் யோசித்ததில்லை. யோசிப்பதற்காக அங்கே யாரும் வருவதுமில்லை.

அம்மாவின் வலது காதில் சின்ன வயதில் சீழ் வடிந்தது. தங்கவயலில் யாரும் சரியாக வைத்தியம் பார்க்கவில்லை. இடது காது பரவாயில்லை. ஆனால் வயதாக ஆக, கீச்சென்ற ஒலிகளை அதுவும் விட்டுவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு மெஷின் வாங்கிக் கொடுத்தேன். போட்டுக்கொண்ட முதல் நாள் அவள் சமையலறையில் நின்று ஃபிரிட்ஜைச் சந்தேகமாகப் பார்த்தாள். “இது எப்பவும் இப்பிடித்தான் உறுமிக்கினு இருந்துச்சா?” என்றாள். அடுத்த வாரத்திலேயே மாடி வீட்டுக்காரர்கள் என்னென்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குச் சொல்லத் தொடங்கினாள்.

அந்த மெஷினால்தான் அவளுக்கு வேலையும் கிடைத்தது. கோரமங்களாவில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் ஆயா. தொட்டில் அறை அவள் பொறுப்பு. தூங்கும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், விழித்தால் தூக்க வேண்டும். அம்மா அந்த வேலையை விரும்பிச் செய்தாள். எல்லாக் குழந்தைகளின் பெற்றோரைப் பற்றியும் அவளிடம் ஒரு கருத்து இருந்தது, பெரும்பாலும் மோசமான கருத்து.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அம்மா ஒரு விண்ணப்பம் வைத்திருந்தாள். காதுக்காக அல்ல, என் கல்யாணத்துக்காக. என் கல்யாணத்தை மேடையில் பத்து நிமிடத்தில் நடத்திக் காட்ட முடியாது. காதை நடத்திக் காட்டலாம். ஞாயிற்றுக்கிழமை மேடையில் பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு, “வலது காது கேட்காத ஒரு சகோதரியை ஆண்டவர் எனக்குக் காட்டுகிறார்” என்றார். அந்தச் சகோதரி மூன்றாவது வரிசையில், காதுக்குப் பின்னால் பழுப்பு நிற மெஷினோடு உட்கார்ந்திருந்தாள். ஆண்டவர் காட்டாவிட்டாலும் தெரிந்திருக்கும்.

மிக்ஸரில் இருந்து நான் பார்த்ததைச் சொல்கிறேன். உள்ளங்கையால் மூடினால் காது அடைபடாது, சத்தம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பாஸ்டரின் சட்டைக் காலரில் மைக் இருந்தது, அது ஆனில் இருந்தது. அவர் அம்மாவின் காதில் கிசுகிசுத்தது மேடையில் அம்மாவுக்கு இடப்பக்கம் இருந்த ஸ்பீக்கரில் போதுமான சத்தத்தில் வந்தது. அந்த ஸ்பீக்கரை எப்போதும் ஏற்றச் சொல்வது அவர்தான். கூடத்தின் கடைசியில் உட்கார்ந்திருந்த எனக்கே தெளிவாகக் கேட்டது. எனக்கும் சுகம் கிடைத்தது என்று யாரும் சொல்லவில்லை. தவிர, பெந்தெகொஸ்தே மேடையில் ஒரு பாஸ்டர் காதில் வேறு என்ன சொல்லப் போகிறார்? “கரண்ட் பில் கட்டிட்டீங்களா” என்றா?

ஆபீசில் யாராவது இப்படி ஒரு சோதனை நடத்தி, பாஸ் என்று எழுதிக் கொண்டுவந்தால், டீ வருவதற்குள் திருப்பி அனுப்பிவிடுவேன். இங்கே நூறு பேர் அழுதார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா புடவையைக்கூட மாற்றாமல் சோற்றுக்கு அரிசி களையத் தொடங்கினாள். நான் அவளுடைய இடப்பக்கமாகப் போய் நின்றேன்.

“நெஜமா கேட்டுச்சா?”

“இல்ல.”

“பின்ன ஏன் கேட்டுச்சுன்ன?”

“கேட்டுச்சுன்னு நான் எங்க சொன்னேன்? அல்லேலூயான்னேன்.”

“ம்மா!”

அரிசியை அடுப்பில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். “அந்த மனுஷன் கை நடுங்கிச்சுடீ. என் காது மேலதான வச்சிருந்தாரு, எனக்குத் தெரியாதா? மூஞ்சி எல்லாம் வேர்த்து ஊத்துது. கேக்கலன்னு சொன்னா அத்தினி பேர் முன்னாடி அவரு இன்னா ஆவாரு?”

“இன்னா ஆவாரு? உண்மை தெரிஞ்சிடும்.”

“நீ ரொம்ப நல்லவ, போ.”

நாளை முதல் வேலைக்கு எப்படிப் போவாய் என்று கேட்டேன். இடது காது இருக்கிறதே என்றாள். வேறொரு மெஷின் வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். சாட்சி சொன்ன பிறகு பழைய மருந்தையோ பழைய கருவியையோ தொட்டால் சாட்சி கெட்டுப்போகும் என்பது சபையின் சட்டம். காப்பகத்தில் அவளோடு வேலை செய்யும் இன்னொரு ஆயா எங்கள் சபைக்காரி. அலமாரியைத் துடைத்து வைப்பதும், அதன் ஒரு சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிவதும் அவள்தான். அவளுக்குத் தெரியாமல் அம்மா காதில் ஒரு பஞ்சுகூட வைக்க முடியாது.

“உனக்கு விசுவாசம் இருக்குதா இல்லயா?” என்று கேட்டேன். நக்கலாகத்தான் கேட்டேன்.

“இருக்குது. காது கேட்டாத்தான் இருக்கணும்னு ஒண்ணும் இல்ல.”

அந்தப் பதிலை நான் அப்போது மதிக்கவில்லை. ஒரு மேடை மனிதனின் மானத்துக்காகத் தன் காதைக் கொடுத்துவிட்டு வந்த பெண்ணின் பிடிவாதம் என்றுதான் பட்டது.

எனக்குக் கோபம் அதிசயத்தின் மேல் அல்ல. அது எப்படி ஒருபோதும் தோற்காமல் பார்த்துக்கொள்ளப்படுகிறது என்பதன் மேல்தான். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது இதே பாஸ்டர் வந்து ஜெபித்தார், எழுந்து நடப்பார் என்றார். அப்பா நடக்கவில்லை. அடக்க ஆராதனையில் அவர் “தேவ சித்தம்” என்றார். சுகமானால் விசுவாசம் என்கிறார்கள், ஆகாவிட்டால் தேவ சித்தம் என்கிறார்கள். ஆகி, மறுபடி வந்தால் சந்தேகம் உள்ளே நுழைந்துவிட்டது என்கிறார்கள். எந்த விடை வந்தாலும் சரி என்று போட்டுக்கொள்ளும் தேர்வுத்தாளை ஒரு சின்னப் பிள்ளைகூட மதிக்காது. இதில் எங்கே இருக்கிறது விசுவாசம்? விசுவாசிப்பதற்கு, தவறிப்போக ஒரு வாய்ப்பாவது வேண்டாமா?

சில நாள் கழித்து, மதியம், நான் ஒரு மீட்டிங்கில் இருந்தபோது போன் வந்தது. காப்பகத்தை நடத்தும் மேடம்.

“நிம்ம அம்மங்கே கிவி கேளல்வா?” என்றார். உங்கள் அம்மாவுக்குக் காது கேட்காதா என்று கன்னடத்தில் கேட்டார். சுற்றி வளைக்காத பெண்மணி. விஷயம் இதுதான்: அம்மா தொட்டில் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால், வலப்பக்கத் தொட்டிலில், ஒரு கைக்குழந்தை விழித்து அழுதிருக்கிறது. அழுது அழுது வாந்தி எடுத்திருக்கிறது. மேடம் அடுத்த அறையிலிருந்து ஓடிவந்து தூக்கியபோது அம்மா இன்னும் துணி மடித்துக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, மூக்கில் ஏறவில்லை. ஆனால் ஏறியிருக்கலாம். முன்பு காதில் ஏதோ போட்டிருந்தார்களே, அது எங்கே என்று மேடம் கேட்டார்.  சபை அலமாரியில் இருக்கிறது என்பதைக் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு நியாயமான மனிதருக்கு எப்படி விளக்குவது? அடுத்த திங்கட்கிழமை அது இல்லாமல் வந்தால் வர வேண்டாம் என்றார். அதில் எந்தத் தவறும் இல்லை. அந்த வாரம் முழுவதும் எனக்குக் காதில் விழுந்த ஒரே ஒழுங்கான பேச்சு அதுதான்.

அன்று அம்மா சாப்பிடவில்லை. தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“என் முதுகுக்குப் பின்னாலதான்டீ இருந்துச்சு,” என்றாள். “நான் பாட்டுக்குப் பாவாடைய மடிச்சிக்கினு கீறேன்.”

தட்டை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினேன். சொல்வதற்கு நிறைய இருந்தது.

“அந்தப் பொண்ணு, மேடம், தூக்கிக்கினு என்னப் பாத்துது பாரு. திட்டல. திட்டி இருந்தா நல்லா இருந்திருக்கும்.”

அந்த வாரம் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போய் வந்தவள், செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்: “என் மெஷின் பாடுதாம். இன்னா அது?”

“யாரு சொன்னா?”

“எல்லாருந்தான். அமைதியா ஜெபிக்கச் சொன்னாரு. அப்ப அலமாரிலேர்ந்து ஒரு சத்தம் வருதாம். நம்ம சாவிக்காரி இல்ல, அவ அழுவுறா. ‘அக்கா, கேக்குதா அக்கா, தேவதூதன் பாடுற மாதிரி இல்ல?’ன்றா. நானும் தலைய ஆட்டினேன்.”

“கேட்டுச்சா?”

“எங்கடீ கேட்டுச்சு?”

எனக்கு உடனே புரிந்தது. கழற்றிய மெஷினை யாரும் அணைக்கவில்லை. அதற்குத் தனி ஸ்விட்ச் கிடையாது, பேட்டரி மூடியைத் திறந்து வைக்க வேண்டும். மூடியைத் திறக்காமல் கண்ணாடித் தட்டில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அதன் மைக் அதன் ஸ்பீக்கரின் ஒலியையே வாங்கி, பெரிதாக்கி, மறுபடி வாங்கி, மறுபடி பெரிதாக்கி, விசில் அடித்துக்கொண்டிருக்கிறது. பாஸ்டர் கைமைக்கோடு ஸ்பீக்கர் முன்னால் நடந்தால் கூடம் முழுவதும் கீச்சிடுமே, அதேதான். ஞாயிற்றுக்கிழமை டிரம்ஸ் சத்தத்தில் யாருக்கும் தெரியவில்லை. அமைதியான ஜெபத்தில் கேட்டுவிட்டது.

அம்மாவிடம் விளக்கினேன். அவள் கவனமாகக் கேட்டாள்.

“அப்ப, அது பேசுறத அதுவே கேட்டுக் கத்திக்கினு கீது.”

“ஆமா.”

“நம்ம சபை மாதிரி,” என்றாள். பிறகு தானே அதிர்ந்து, “ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கன்னத்தில் போட்டுக்கொள்வது எங்கள் சபையில் தடை. பழைய பழக்கம்.

சனிக்கிழமை மாலை ஒலிப்பெட்டிகளைச் சரிபார்க்கப் போனபோது பாஸ்டர் தனியாக இருந்தார். அலமாரிப் பக்கம் போய் நின்றேன். மெல்லிய, ஒரே சுருதியிலான கீச்சு. தேவதூதர்கள் இப்படித்தான் பாடுவார்கள் என்றால் பரலோகத்தில் யாராலும் தூங்க முடியாது.

“பாஸ்டர், இது மெஷினோட ஃபீட்பேக். பேட்டரி மூடியத் திறந்தா நின்னுடும். சாவி குடுங்க.”

அவர் அலமாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. நான் அதைக் கண்ணால் பார்த்தேன். முட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தவரை அன்று அந்த ஒரு குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தேன்.

“நாளைக்கு வரைக்கும் இருக்கட்டும் சிஸ்டர்.”

“எதுக்கு?”

“ஜனங்களுக்கு ஒரு உற்சாகம். ரெண்டு நாளா எல்லாரும் இதத்தான் பேசறாங்க. புதுசா ஆளுங்க வராங்க.”

“பாஸ்டர், இது விசில்.”

“பைபிள்ல தேவன் ஒரு கழுதையப் பேச வச்சாரு சிஸ்டர். மெஷின விசிலடிக்க வைக்க மாட்டாரா?” சிரித்தார். “நீங்க படிச்சவங்க. எல்லாத்துலயும் ரீசன் பாக்கறீங்க. விசுவாசம் அப்படி இல்ல.”

அவரிடம் நான் சொல்ல நினைத்ததை இங்கே சொல்கிறேன். விசுவாசம் வேறு, காரணத்தைத் தெரிந்துகொண்டே மறைப்பது வேறு. கழுதையைப் பேச வைத்தவருக்கு, பேட்டரி மூடியை யாரும் திறக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் தேவைப்படவில்லை. எத்தனையோ கிராஃபிக்ஸ், புகை மெஷின், கலர் லைட்டோடு அதிசயம் செய்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஒன்றுமே செய்யாமல், ஒன்றை அணைக்காமல் விட்டு அதிசயம் செய்பவரை அன்றுதான் பார்த்தேன். சோம்பேறித்தனத்தில் இதற்கு மேல் போக முடியாது.

அவரிடம் சொன்னது வேறு: “எங்க அம்மாவுக்குத் திங்கக்கிழமை வேலை போயிடும். மெஷின் வேணும்.”

“அம்மாவுக்குத்தான் சுகமாயிடுச்சே,” என்றார். என் கண்ணைப் பார்க்காமல்.

ஞாயிற்றுக்கிழமை காலை நடந்து போகும்போது அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவள் நடையைக் கொஞ்சம் வேகப்படுத்தினாள். நான் இருந்த பக்கம் இடதுதான், கேட்டிருக்கும்.

கூடம் நிறைந்திருந்தது. பிரசங்கத்தின் நடுவில் பாஸ்டர் பாட்டுக்காரர்களை நிறுத்தச் சொன்னார். ஃபேன்களையும் நிறுத்தச் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே ஒரு ஆட்டோ போய் முடிந்ததும், அந்த விசில் கூடத்துக்கு வந்தது. முன்வரிசையில் ஒருவர் முழங்காலில் விழுந்தார். ஒரு சின்னப் பெண் காதைப் பொத்திக்கொண்டாள். அந்தக் கூட்டத்தில் அறிவோடு நடந்துகொண்டவர்களில் அவளையும் சேர்க்கிறேன்.

பாஸ்டர் அம்மாவை மேடைக்குக் கூப்பிட்டார். கைமைக்கை அவள் வாயருகே பிடித்தார்.

“அம்மா, சபைக்குச் சொல்லுங்க. அந்தச் சத்தம் உங்களுக்குக் கேக்குதா?”

அம்மா அலமாரிப் பக்கம் பார்த்தாள். தலையைக் கொஞ்சம் சாய்த்து உண்மையாகவே முயற்சி செய்தாள்.

“இல்ல பாஸ்டர். கேக்கல.”

“நல்லா கவனிங்கம்மா. விசுவாசத்தோட.”

“எல்லாருக்கும் கேக்குதுன்றாங்க. எனக்கு மட்டுந்தான் கேக்கல.” மைக்கை அவளே வாங்கிக்கொண்டாள். அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் ஐஸ்கிரீம் மாதிரி பிடித்தாள். “அன்னிக்கும் கேக்கல. நானாதான் அல்லேலூயான்னு சொல்லிட்டேன். உங்க தப்பு இல்ல, என் தப்புதான். மெஷினக் குடுத்துடுங்க பாஸ்டர். தொட்டில்ல புள்ளைங்க கீது. அதுங்க அழுதா எனக்குக் கேக்கணும்.”

பாஸ்டர் என்னைப் பார்த்து, கழுத்தடியில் விரலைக் குறுக்கே இழுத்தார். மைக்கை அணை என்பதற்கு எங்களுக்குள் உள்ள சைகை. பார்த்தேன். அணைக்கவில்லை.

அலமாரியைத் திறந்தது அந்தச் சாவிக்காரிதான். யாரும் சொல்லவில்லை. அழுதுகொண்டே போய்த் திறந்தாள், மெஷினை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து, “இந்தாங்க அக்கா” என்று கொடுத்தாள். தொட்டில் அறையில் அந்தக் குழந்தையின் வாந்தியைத் துடைத்தது அவள்தான் என்று பிறகு அம்மா சொன்னாள்.

அம்மா மேடையிலேயே முந்தானையால் அதைத் துடைத்துக் காதில் பொருத்தினாள். காதுக்குள் சரியாக உட்கார்ந்ததும் விசில் நின்றுவிட்டது. 

“இப்பக் கேக்குது பாஸ்டர்,” என்றாள்.

பின்வரிசையிலிருந்து யாரோ, பழக்க தோஷத்தில், “அல்லேலூயா!” என்று கத்தினார்.

பாஸ்டரை நான் குறைத்து எடை போட்டிருந்தேன். ஒரு நிமிடத்துக்குள் சமாளித்துக்கொண்டார். கண்ணை மூடி, குரலைத் தாழ்த்தி, “சபையே, பெற்ற சுகத்தைக் காத்துக்கொள்வது எவ்வளவு கடினம் பாருங்கள்” என்றார். மேடையில் நின்றால் அவருக்குப் புத்தகத் தமிழ் வந்துவிடும். சந்தேகம் எப்படி வீட்டுக்குள்ளிருந்தே, படித்த பிள்ளைகள் வழியாகவே நுழைகிறது என்றார். எல்லோரும் அம்மாவின் மேல் கை நீட்டி ஜெபித்தார்கள். அவள் நடுவில், காதில் மெஷினோடு, எல்லாவற்றையும் தெளிவாகக் கேட்டுக்கொண்டு நின்றாள். ஆக, அவர் கணக்கில் சுகமானது உண்மை, பிறகு போய்விட்டதும் உண்மை, அதற்குக் காரணம் நான். விடைத்தாளில் மறுபடியும் சரி.

அன்று மதியம் இனி அந்த இடத்துக்குப் போக வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“ஏன் போவக் கூடாது?”

“அந்த ஆளு பொய் சொல்றான்மா. தெரிஞ்சே சொல்றான்.”

“தெரியும். ஆண்டவரு சொகமாக்கினப்பல்லாம் போய் யாருகிட்டயும் சொல்லாதேன்னு அனுப்பினாரு. இவரு கேமரா வச்சிக் கூப்பிடறாரு. அதுலயே தெரியலையா?”

“அப்பறம்?”

“அப்பறம் இன்னா? நான் அவரப் பாக்கவா போறேன்?” ஒரு மீனின் தலையைக் கிள்ளிப் போட்டாள். “இவங்களுக்கெல்லாம் தெனம் ஒண்ணு காட்டணும். காட்டலன்னா சாமி இல்லன்னு பயம். எனக்கு அந்தப் பயம் இல்லடீ. உங்கப்பா செத்தன்னிக்கும் நான் முழங்கால்லதான் நின்னேன்.”

 அவளுடைய விசுவாசம் எனக்கு வரவில்லை, இப்போதும் இல்லை. ஆனால் அந்தக் கூடத்தில் எதையும் காட்டச் சொல்லி ஆண்டவரிடம் கேட்காத ஒரே ஆள் அவள்தான் என்பதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மற்றவர்கள் விசுவாசம் என்று சொல்வது, விசுவாசிக்க வேண்டிய அவசியத்திலிருந்து தப்பிக்க ஒரு வழி. கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு விசுவாசிக்க வேண்டியதில்லை அல்லவா? அதனால் அலமாரி வேண்டும், ஊன்றுகோல் வேண்டும், விசில் வேண்டும். அதை அவர்களுக்கு மொத்த விலைக்கு விற்கிறவர் மேல் எனக்கு மரியாதை இல்லை. வாங்குகிறவர்கள் மேலும் அதிகம் இல்லை.

இப்போது நிலைமை இது. அம்மா மெஷின் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறாள், தொட்டில் அறை அவளிடமே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதே சபைக்கு, மெஷினோடு போகிறாள். பெண்கள் சிலர் அவளிடம் பேசுவதைக் குறைத்துவிட்டார்கள், சாவிக்காரி குறைக்கவில்லை. நான் போவதில்லை. மிக்ஸரில் இப்போது யாரோ ஒரு கல்லூரி மாணவன் உட்காருகிறான் என்று கேள்வி. முதல் ஞாயிற்றுக்கிழமையின் வீடியோ இன்னும் சேனலில் இருக்கிறது. இரண்டாவதை அவர்கள் போடவில்லை.